நான்காம் அத்தியாயத்தின் பின்பக்கம்

விண்ணப்பத்தாளில் குடும்பத்தினர் பெயரெழுத மூன்று வரிகள் இருந்தன. அகுஸ்தேன் இரண்டை நிரப்பிவிட்டு, மூன்றாவதன்மேல் அடிக்கோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். காப்பி கொண்டுவந்த மார்கரித் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டாள். கிளாஸை மேசைமேல் வைத்தபோது கொஞ்சம் தளும்பியது. பாதிக்குமேல் வறுத்த சோளம் கலந்த காப்பி. போனால் போகட்டும் என்று துடைக்காமலே நின்றாள்.

"அந்த மூணாவது எடத்துல யாருங்க இருந்துருக்கணும்?" என்றாள்.

"எந்த எடம்?"

"இப்பக் கோடு போட்டீங்களே, அது."

அகுஸ்தேன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். சைகோன் நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருஷம் பதிவெழுத்தராக இருந்தவர் அவர். கெட்ட செய்தி சொல்லுமுன் கண்ணாடியைத் துடைப்பது நீதிபதிகளிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

"இது பிரான்சுக்குப் போறவுங்க பட்டியல், மார்கரித். பிரெஞ்சுப் பிரஜை, சட்டப்படியான பெண்சாதி, புள்ளைங்க. அவ்வளவுதான் கேக்குறான். நமக்குக் கல்யாணப் பதிவு கெடையாதே. நான் என்ன செய்யிறது?"

இருபத்தாறு வருஷமாக அந்த மனிதருக்குச் சோறு வடித்துப் போட்டவள், அவருடைய தாயைக் கடைசி மூன்று வருஷம் குளிப்பாட்டி உடுத்திவிட்டவள், அவருக்கு ஒரு பெண்ணைப் பெற்றுக் கொடுத்தவள், அடிக்கோல் வைத்து அடிக்கப்பட்டாள். அதுவும் மைக்கூட்டை அவள்தான் நிரப்பி வைத்திருந்தாள்.

அது 1977ஆம் வருஷம், மார்ச் மாதம். கம்யூனிஸ்ட் அரசாங்கம் சைகோனுக்குப் புதுப்பெயர் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாகப் பாரிஸுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். கான் ஹொய் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சந்தில் கடைசியாக மிஞ்சியது அகுஸ்தேன் வீடுதான். அவர் போகலாம், அவர் தம் பெயரில் பதிந்திருந்த மகள் எலென் போகலாம். மார்கரித் எந்த நாட்டு ஆள் என்று சொல்லத் துண்டுக் காகிதம் கிடையாது. காரைக்காலில் பிறந்தவள், ஏழு வயதில் தகப்பன் கையைப் பிடித்துக் கப்பலில் வந்து இறங்கியவள். அவள் பிறந்ததைப் பதிய அன்றைக்கு யாரும் மெனக்கெடவில்லை.

தகப்பன் பெயர் ராயப்பன். பட்டாளத்துக்குப் பூட்ஸ் தைக்க வந்து, அந்த வேலை போனபின் பாலத்தடியில் உட்கார்ந்து ஊராருக்குச் செருப்புத் தைத்தவர். கிறிஸ்தவர்தான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்தான். ஆனால் ஊரில் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருந்த பழக்கம் அதே கப்பலில் சைகோனுக்கும் வந்திருந்தது. இங்கே நடுவில் தடுப்பு இல்லை. யார் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அகுஸ்தேன் முன்பெஞ்சுக்காரர், வெள்ளாளக் கிறிஸ்தவர். அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. 1882ஆம் வருஷம் அவருடைய தாத்தா புதுச்சேரியில் பதிவாளர் முன்னால் போய் நின்று, 'எனக்கும் என் மனைவி மக்களுக்கும் இனிமேல் சாதி வழக்கம் வேண்டாம், பிரெஞ்சுச் சட்டம் போதும்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம். வந்தவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி அகுஸ்தேன் விளக்குவார். மனிதன் பிறப்பால் கட்டுண்டு கிடந்த காலம் போய், தானே கொடுத்த வாக்கால் கட்டுப்படுகிற காலத்துக்கு வந்த கதை முழுவதும் அந்த ஒரு காகிதத்தில் இருக்கிறது என்பார். விளக்கி முடித்தபின், வந்தவர் எந்தச் சாதி என்பதை நாசூக்காக விசாரித்து அதற்கேற்ற நாற்காலியைக் காட்டுவார்.

இப்படிப்பட்டவர் பாலத்தடியில் செருப்புத் தைப்பவர் மகளை விரும்பினார். உண்மையாகவே விரும்பினார், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சட்டப்படி மணமுடிக்க வேண்டுமானால் பத்து நாள் நகரமன்றக் கதவில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து ஒட்டவேண்டும். 'மார்கரித் ராயப்பன்' என்ற பெயர் தம் பெயருக்கு அருகில், முன்பெஞ்சுக்காரர்கள் எல்லோரும் நடந்து போகிற வாசலில்! தெரிந்த சாமியார் ஒருவரைப் பிடித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கோயிலை ஒட்டிய சிறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மோதிரம் மாற்றினார். பத்தொன்பது வயது மார்கரித் பதிவைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

"சட்டம் எப்பவும் வாழ்க்கைக்குப் பின்னாலதான் நடந்து வரும். மொதல்ல மனுஷங்க வாழுவாங்க, அது வழக்கமாகும், அப்பறந்தான் காகிதம். நாம வாழ்ந்து காட்டுவோம். காகிதம் தானா வந்து சேரும்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் புத்தகத்தின் முதல் வாக்கியமும் அதுதான். சட்டங்கள் எப்படித் தோன்றுகின்றன, எப்படி வளர்கின்றன என்று ஆயிரத்து நூறு பக்கம். கன்னியாஸ்திரீகள் நடத்திய கன்னியர் பள்ளியில் எழுத்துப் பழகிய மார்கரித்தின் கையெழுத்து உருண்டையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். அந்த ஆயிரத்து நூறு பக்கத்தையும் மூன்று முறை அவளே படியெடுத்தாள். எழுதியதெல்லாம் அவளுக்குப் புரிந்ததா என்று அகுஸ்தேன் ஒருநாளும் கேட்டதில்லை. அச்சுயந்திரத்திடம் யாராவது கேட்பார்களா?

எலென்தான் அன்றைக்கு முதலில் வெடித்தவள். இருபத்திரண்டு வயது, மருத்துவமனையில் தாதி. இரவுப் பணி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மமா இல்லாம நான் ஏறமாட்டேன், பப்பா. என் பேரு மேலயும் ஒரு கோடு போட்டுடுங்க."

இதற்கு அகுஸ்தேனிடம் தத்துவம் இல்லை. மறுநாள் சட்டை மாட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்குப் போனார்கள். முன்மேசையில் இருந்தவன் ஆந்துவான், காரைக்கால்காரன், நாற்பது வயது. அவன் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு கலக்கம் என்பதுபோலச் சிரித்தான்.

"இப்பக் கல்யாணம் பண்ணிக்குங்க, மிசே. பத்து நாள் இந்த வாசல்ல நோட்டீஸ் ஒட்டுவோம். ஆட்சேபணை இல்லேன்னா பதினோராம் நாள் பதிவு. விமானம் அதுக்கு அடுத்த வியாழக்கிழமைதான். அக்காவுக்குப் பொறப்புப் பதிவு இல்லேன்னா, சின்ன வயசுலேருந்து தெரிஞ்ச மூணு பேரு வந்து, இன்னாரு மகதான்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"நான் எல்லாம் பாத்துக்கறேன்," என்றார் அகுஸ்தேன். இருபத்தாறு வருஷம் தள்ளிப்போட்ட காரியத்தை இரண்டே நாளில் முடித்துவிட்டு வந்தார்.

அந்த இரண்டு நாளும் மார்கரித் சிறுபிள்ளையாகிவிட்டாள். பெட்டி அடியிலிருந்து ஊதாப் புடவையை எடுத்து வெயிலில் காயப்போட்டாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ராயப்பன் தலைமாட்டில் புல்லைப் பிடுங்கினாள். "உன் பேர எழுதி வாசல்ல ஒட்டப் போறாங்கப்பா," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். செத்துப் பதினெட்டு வருஷமான மனிதரிடம் இதைச் சொல்வதற்காக அவள் அந்த வாரத்து ரேஷன் அரிசி வரிசையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நோட்டீஸ் ஒட்டி நாலாம் நாள், யாருக்கும் சொல்லாமல் தனியே பார்க்கப் போனாள். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை. கதவில் ஏழெட்டுத் தாள்கள் ஒட்டியிருந்தன. அகுஸ்தேன் பெயரைக் கண்டுபிடித்தாள். அதன்கீழே 'மார்கரித் ஞானப்பிரகாசம்' என்று இருந்தது.

வேறொரு மார்கரித் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். முகவரியைப் படித்தாள். கான் ஹொய், அதே சந்து, அதே கதவு எண்.

உள்ளே போனாள். ஆந்துவான் அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றான்.

"யாரு தம்பி ஞானப்பிரகாசம்?"

அவன் கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தான். மூன்று பேர் சத்தியம் செய்து கொடுத்த சான்று. 'மார்கரித், காரைக்காலில் நிலமும் வீடும் உடையவராயிருந்து காலமான ஞானப்பிரகாசம் அவர்களின் மகள் என்பதை அவளது இளமை முதலே நேரில் அறிவோம்.' கீழே மூன்று கையெழுத்து. மூன்று பேரையும் அவளுக்குத் தெரியும், பென் தான் சந்தைப் பக்கம் குடியிருந்த முன்பெஞ்சுக்காரர்கள். இருபத்தாறு வருஷத்தில் அவள் வீட்டுத் தண்ணீரை ஒருவரும் வாயில் வைத்ததில்லை. எலென் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாள் விருந்துக்கு வந்தபோது அதில் ஒருவர் தமக்கென்று ஒரு கிளாஸைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அந்தக் கனவான்தான் இன்றைக்கு அவளை இளமை முதலே நேரில் அறிந்திருக்கிறார்.

"நான் எழுதலக்கா," என்றான் ஆந்துவான் மெதுவாக. "அவுங்க சொன்னத பதிஞ்சேன். அவ்வளவுதான்."

"ஆட்சேபணை குடுக்குறதுக்குக் கெடு எப்ப முடியுது?"

ஆந்துவான் விழித்தான். இப்படியொரு கேள்வியை எந்தக் கல்யாணப் பெண்ணும் அவனிடம் கேட்டதில்லை. "வர்ற செவ்வாக்கெழம, அக்கா. சாயங்காலம் நாலு மணி."

மார்கரித் நடந்தே வீட்டுக்கு வந்தாள். தனக்குப் பெயர் இல்லாமல் போனதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. பாலத்தடியில் குந்தியிருந்து, ஊர்க்காரன் கழற்றிப் போட்ட செருப்பை மடியில் வைத்துத் தைத்து, அந்தக் காசில் அவளைக் கன்னியர் பள்ளிக்கு அனுப்பிய மனிதரை மூன்று கையெழுத்தில் கொன்றுவிட்டார்கள். அதுவும் அவர் காசில் அவள் கற்ற எழுத்தால் புத்தகம் வளர்த்தவரே கொன்றார்.

அகுஸ்தேன் கூடத்தில் இருந்தார். எலெனும் இருந்தாள். மார்கரித் நின்றபடியே கேட்டாள்.

"எங்கப்பா பேர எங்கங்க வச்சீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொடைக்காதீங்க. சொல்லுங்க."

"இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு? அந்த வாசல்ல தெனமும் அம்பது பேரு வந்து நோட்டீஸ் படிக்கிறான். எல்லாம் நம்ம ஆளுங்க. நாளைக்கி பாரிஸ்ல அக்கம்பக்கமும் அவுங்கதான். சட்டத்துக்கு ஒரு தகப்பன் பேரு வேணும், குடுத்தாச்சு. நீயும் வர்ற. காரியம் நடக்குதா இல்லையா?"

"பொய்யச் சொல்லியா?"

"இது பொய் இல்ல, மார்கரித். சட்டப் புனைவு. நாலாம் அத்தியாயம் நீதானே எழுதின? சட்டம் நேரா மாறுறதுக்கு வெக்கப்படும். அதனால நடக்காதத நடந்ததா வச்சிக்கிட்டு உள்ளுக்குள்ள மாறும். தத்தெடுத்த புள்ளைய வயித்துல பொறந்த புள்ளைன்னு சொல்றோமில்ல, அது மாதிரி. அப்படித்தான் உலகத்துச் சட்டமெல்லாம் வளந்துச்சு."

"ஒரு பேருதானே, மமா," என்றாள் எலென் கெஞ்சலாக. "அங்க போயிட்டா யாரு கேக்கப் போறா?"

மகள் வாயிலிருந்து அது வந்ததுதான் மார்கரித்துக்கு வலித்தது. ஆனால் பதிலை அவள் அகுஸ்தேனுக்குத்தான் சொன்னாள். குரல் உயரவில்லை.

"தத்தெடுத்தவுங்க, வெளியில நின்ன புள்ளைய உள்ள கூப்புடுறதுக்காகப் பொய் சொன்னாங்க. நீங்க உள்ள இருக்குற எங்கப்பாவ வெளியில தள்ளுறதுக்குச் சொல்றீங்க. நாலாம் அத்தியாயத்துல இது இல்லைங்க. மூணு தடவ எழுதியிருக்கேன். எனக்குத் தெரியும்."

அகுஸ்தேன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அச்சுயந்திரம் வாய்திறந்து பேசியதைக் கேட்டவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதன்பின் அவர் கோபப்பட்டார். நன்றி இல்லாதவள் என்றார், பிடிவாதக்காரி என்றார். இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லத் தொடங்கி, எலென் இருப்பதைப் பார்த்துப் பாதியில் விழுங்கினார். விழுங்கிய வார்த்தை எது என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

"செவ்வாக்கெழம வரைக்கும் நாளிருக்கு," என்றாள் மார்கரித். "நீங்களே போயி மாத்திட்டு வந்துடுங்க."

அவர் போகவில்லை. திங்கட்கிழமை வட்டாரக் கூட்டத்தில் புது அரசாங்கத்துப் பெண் அதிகாரி, சட்டம் என்பது மேலே இருப்பவன் கையில் உள்ள தடி என்று ஒரு மணி நேரம் பேசினாள். அகுஸ்தேன் பின்வரிசையில் உட்கார்ந்து, சரித்திரம் தெரியாதவள் பேச்சு என்று மார்கரித்தின் காதில் முணுமுணுத்தார். இவ்வளவு நடந்தபிறகும் தம் மேதாவித்தனத்தை முணுமுணுக்க அவருக்கு அவள் காது வேண்டியிருந்தது. அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் ஆந்துவான் முன்னால் உட்கார்ந்து, அகுஸ்தேன் புத்தகத்தைப் படியெடுத்த அதே உருண்டைக் கையெழுத்தில், பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தாள். 'இந்தத் திருமணத்துக்கு ஆட்சேபணை தெரிவிக்கிறேன். மணமகள் என்று குறிப்பிடப்பட்ட பெண் உலகத்தில் இல்லை. அந்த முகவரியில் குடியிருப்பவள் நான். என் தகப்பனார் ராயப்பன், செருப்புத் தைத்தவர்.'

ஆந்துவான் இரண்டு முறை படித்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"அக்கா, இதப் பதிஞ்சா கல்யாணம் நிக்கும். நீங்க இங்கயே தங்கிடணும்."

"தெரியும் தம்பி. பதிஞ்சுக்க."

அவன் நல்லவன். விதிப்புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தான். அன்று மத்தியானமே சைக்கிளில் கான் ஹொய்க்கு வந்து, அகுஸ்தேன் மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தான்.

"மிசே, ஒரே ஒரு வரி. மணமகளோட தகப்பனார் ராயப்பன்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சான்றுல பிழைன்னு நான் திருத்திக்கறேன். தேதி மாறாது. மூணு சீட்டும் அப்படியே இருக்கும். நாலு மணிக்குள்ள கொண்டாந்து குடுங்க."

அவன் போய்விட்டான். அப்போது மணி ஒன்றரை. அகுஸ்தேன் பேனாவை எடுத்தார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. மார்கரித் சமையலறை வாசலில், மரவள்ளிக்கிழங்கின் தோலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து அவர் கை தெரிந்தது. அந்தக் கை அசைந்தால் அவள் மகளோடு போவாள். எலெனுக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் பக்கத்தில் இருப்பாள். அதை அவள் விரும்பவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். தோலோடு கிழங்கும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு எலென் தகப்பனிடம் போய் நின்றாள்.

"எழுதுங்க பப்பா."

"உனக்காகத்தான் யோசிக்கிறேன்," என்றார் அவர். "உனக்கு நாளைக்கி ஒரு எடம் பாக்கணும். செருப்புத் தைக்கிறவன் பேத்தின்னு இவ்வளவு நாளும் நாலு பேரு காதுல கெடந்தது, இனிமே காகிதத்துல வரும். நம்ம சனத்துல யாரு உன்னக் கட்டுவான்?"

ஆறு நாளைக்கு முன்னால் 'ஒரு பேருதானே' என்று தான் சொன்னது எலெனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"எனக்காகன்னா எழுதிடுங்க," என்றாள். "அதக் கேட்டுட்டு வேணாங்கறவன் எனக்கும் வேணாம்."

நாலு அடித்தது. ஆயிரத்து நூறு பக்கம் எழுதிய கை அந்த ஒரு வரியை எழுதவில்லை. மைமட்டும் பேனா முனையில் காய்ந்துபோயிருந்தது.

எலெனை அனுப்பிவைப்பதுதான் மார்கரித்துக்குப் பெரும்பாடாகிவிட்டது. அவள் ஏறமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். "நீ இங்க இருந்தா எனக்குக் கஞ்சிதான் பங்காவும்," என்றாள் மார்கரித். "அங்க போ. படி. யாராவது அம்மா பேரு கேட்டா முழுசா சொல்லு. அது போதும் எனக்கு."

அடுத்த வாரம் வியாழக்கிழமை விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். எழுதிய தாள் எதையும் வெளியே கொண்டுபோகக்கூடாது என்று உத்தரவு. அதனால் புத்தகம் வீட்டிலேயே இருந்தது. அதைச் செல்லரிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி அகுஸ்தேன் காலையிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார். குடியுரிமைக்கு ஆதாரமான தாத்தாவின் பத்திரத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தோடு அக்குளில் இடுக்கியிருந்தார். இளம் அதிகாரி ஒருவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன?" என்றான் வியட்நாமிய மொழியில்.

"எங்கள் தாத்தா சாதி வழக்கத்தைத் துறந்துவிட்டதற்குப் பத்திரம்," என்றார் அகுஸ்தேன், அதே மொழியில். தொண்ணூற்றைந்து வருஷத்துக் காகிதம் என்று பெருமையாக வேறு சொன்னார்.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டுப் படிவத்தை எடுத்தான். பெண்ணின் தாய் பெயர் என்ன என்று கேட்டான்.

"மார்கரித்," என்றார் அகுஸ்தேன்.

"மார்கரித் ராயப்பன்," என்றாள் எலென். அவனுக்கு எழுத வரவில்லை. அவள் ஒவ்வொரு எழுத்தாக, கயிற்றுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்ற முன்பெஞ்சுக்காரர்களுக்கும் கேட்டது. அகுஸ்தேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். திரும்பிப் பார்த்தது எலென் மட்டும்தான்.

மறுநாள் காலை மார்கரித் வட்டார அலுவலகத்துக்குப் போனாள். குடும்பப் பதிவேட்டில் மூன்று பெயரில் இரண்டை அடித்துவிட்டு, வீட்டில் ஒரு அறையாவது தன் பெயரில் நிற்கும்படி செய்யவேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் வீட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். வட்டாரக் கூட்டத்தில் பேசிய அந்தப் பெண் அதிகாரிதான் இருந்தாள். சந்தில் எல்லோரும் அவளை ஹாய் அக்கா என்பார்கள்.

"வாழ்க்கைக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்," என்றாள் ஹாய் அக்கா. "பிறப்பு, தகப்பன் பெயர், தகப்பன் தொழில். ஆனால் தாள் உங்களுடையதாக இருக்கவேண்டும். இங்கே கிடையாது, மாதக்கணக்கில் வரவில்லை."

மார்கரித் வீட்டுக்குத் திரும்பினாள். நகரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத தாள் அவள் வீட்டில் ஆயிரத்து நூறு இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெள்ளை. கட்டை அவிழ்த்து, எந்தத் தாள் வேண்டும் என்று தேடி எடுத்தாள். நாலாம் அத்தியாயத்தின் முதல் தாள். அதைத் திருப்பிப் போட்டு, வியட்நாமிய மொழியில் தன் குறிப்பை எழுதினாள்.

ஹாய் அக்கா வாங்கிப் படித்தாள். தகப்பன் தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"செருப்புத் தைத்தவரா? இதை ஏன் முன்பே சொல்லவில்லை? நல்ல பிறப்பு. உழைக்கும் வர்க்கம். முன்னறை உங்களுக்கே கிடைக்கும், நான் எழுதுகிறேன். வழக்கறிஞர் மகள் என்றோ நிலக்காரர் மகள் என்றோ இருந்திருந்தால் கஷ்டம்."

மார்கரித்துக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இங்கேயும் முதல் கேள்வி யாருக்குப் பிறந்தாய் என்பதுதான். வரிசையைத் தலைகீழாக மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ராயப்பனைப் பாரிஸுக்குப் போகிறவர்கள் ஒளித்துவைத்தார்கள், இவர்கள் தூக்கிக் காட்டப் போகிறார்கள். அவர் செருப்பை நன்றாகத் தைத்தாரா, மகளை எப்படி வளர்த்தார் என்று இருவரும் கேட்கவில்லை.

ஹாய் அக்கா முத்திரையை எடுத்து ஊதினாள். தாளைத் திருப்பியவள் நின்றாள்.

"இந்தப் பக்கம் பிரெஞ்சில் ஏதோ நிறைய எழுதியிருக்கிறதே? நல்ல கையெழுத்து. என்ன இது?"

"எழுத்து என்னுடையது," என்றாள் மார்கரித். "விஷயம் என்னுடையது இல்லை. நீங்கள் மறுபக்கத்தில் முத்திரை வையுங்கள்."